ஒன்பதாவது பாட்டின் கரகரப்பு

என் இளைய மகள் வாங்கி வந்த வெளிநாட்டு சி.டி.யில் பதினொரு பாட்டுகள். அவளும் அவளுடைய அலுவலகத் தோழிகளும் மூன்றாவதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். ஒன்பதாவது தொடங்கினால் யாராவது ஒருத்தி பொத்தானை அழுத்திப் பத்தாவதுக்குத் தாவிவிடுவாள். ஆங்கில நாளிதழ் இணைப்பில் அந்த ஆல்பத்தைப் பற்றி ஒருவர் பாராட்டி எழுதியிருந்தார். எண்ணிப் பார்த்தேன். பத்துப் பாட்டுகளைச் சொல்லியிருந்தார், ஒன்பதாவதைத் தவிர. கேட்காமலேயே எழுதியிருக்கிறார் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

இந்த வகைக்கு ட்ரிப் ஹாப் என்று பெயர் என்றாள் மகள். பெயர் எனக்கு முக்கியமில்லை. எனக்குப் பிடித்த அந்த ஒன்பதாவது வெறும் கரகரப்பில் தொடங்கும். பழைய கிராமபோன் தட்டில் முள் ஓடும் சத்தம். நான்கு நான்காக எண்ணினால் எட்டுச் சுற்று அது மட்டுமே. பிறகு மெதுவான டிரம். நான்காவது அடி எப்போதும் ஒரு மயிரிழை தாமதமாக விழும். ஒரு பெண் சுவரைப் பார்த்துப் பேசுவதுபோலப் பாடுவாள். நடுவில் எல்லாம் நின்றுபோய்க் கரகரப்பு மட்டும் மிஞ்சும். டிரம் திரும்புமா, திரும்பாதா என்று எண்ணிக்கொண்டே இருப்பேன்.

ஓய்வுபெற்றதிலிருந்து என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் கவலைப்படாதே, பக்திப் பாட்டு கேள், தியானம் செய் என்றே சொன்னார்கள். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பவனிடம் நிம்மதியாக இரு என்று சொல்வதால் யாருக்கு என்ன லாபம்? அந்தப் பாட்டு எனக்கு எந்தப் புத்திமதியும் சொல்லவில்லை. அதுவும் என்னைப் போலவே கதவை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

மகளுக்குக் கல்யாணமாகி, கணவனோடு குளிர்தேசத்துக்குப் புறப்பட்டாள். சி.டி.யும் அவளோடு போகிறது என்று தெரிந்ததும் எனக்குக் கை ஓடவில்லை. மேற்குத் தாம்பரத்தில் பாட்டுப் பதிவு செய்து கொடுக்கும் பாயிடம் ஒரு நகல் கேட்டேன். மறுநாள் கொடுத்தார். வீட்டில் பெட்டிகளை எடை போடுவதும், ஊறுகாய் பாட்டிலை வெளியே எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்ததில் நகலைப் போட்டுப் பார்க்கத் தவறிவிட்டேன். விமானம் ஏற்றிவிட்டு வந்த பிறகுதான் போட்டேன். ஒன்பதாவது எடுத்த எடுப்பிலேயே டிரம்முடன் தொடங்கியது. கரகரப்பு இல்லை. நடுவில் நிற்கவும் இல்லை. கல்யாண மண்டபத்துக்கு வெள்ளை அடித்த மாதிரி பளபளவென்று ஓடி முடிந்தது.

கடைக்கு ஓடினேன். பாய் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"இன்னா சார், பாட்டு சூப்பரா கீதா? ஒம்போதாவதுல ஒரே கரகரப்பு. கம்ப்யூட்டர்ல போட்டு க்ளீன் பண்ணிட்டேன். நடுவுல சும்மா கேப் உட்டுக்கினு இருந்துச்சு, அதையும் தூக்கிட்டேன்."

"யார் உங்களைத் தூக்கச் சொன்னது? அந்தக் கரகரப்புதான் பாய் பாட்டு!"

"காசு குடுத்து யாராச்சும் கரகரப்பு வாங்குவாங்களா சார்? அப்பிடியே குடுத்தா கஸ்டமர் என் மிஷினைத்தான் திட்டுவான். உங்களுக்குன்னு உக்காந்து செஞ்சேன். ஃப்ரீ."

"சரி, பழையபடி ஒன்று போட்டுக் கொடுங்கள்."

"அதான் பேஜார். க்ளீன் பண்ணினப்புறம் பழசை அழிச்சிட்டேன். ஒரிஜினல் இருந்தா எடுத்தாங்க."

ஒரிஜினல் கடல் தாண்டிவிட்டது. இலவசமாக ஒரு பாட்டைக் கொன்றுவிட்டு மனிதர் எனக்கு டீ சொன்னார். குடிக்காமல் வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் தொலைபேசியில் பேசினாள். நலம் விசாரிப்பதற்கு முன்பே விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த டப்பா பாட்டுக்கா இவ்ளோ கோபம்? நான் அதை முழுசாக் கேட்டதே இல்லைப்பா. எனக்கு மூணாவதுதான். சிடியையே அனுப்பிடறேன், போதுமா?"

"டப்பாவா? போட்டுக் கேட்டுவிட்டுச் சொல். பொத்தானைத் தொடாதே."

சலிப்போடு போட்டாள். வழியெல்லாம் நைந்து வந்த ஒலியில் கரகரப்பைத் தேடினேன். நடுவில் டிரம் நின்றது.

"அப்பா, நின்னுபோச்சு."

"நிற்கவில்லை. இரு."

"இங்க நாலு மணிக்கே இருட்டிடுதுப்பா. அவர் இன்னும் வரல. பக்கத்து வீட்டுல யார் இருக்காங்கன்னுகூடத் தெரியல." குரல் இறங்கிவிட்டது. ஊருக்குப் போனதிலிருந்து எல்லாம் சூப்பர் என்று மட்டுமே சொல்லிவந்தவள்.

"டிரம் வரும். எண்ணிக்கொண்டே இரு," என்றேன்.

வந்தது. பாட்டை முடியும்வரை கேட்டாள்.

"சிடியை எப்போது அனுப்புகிறாய்?" என்று கேட்டேன்.

"அனுப்பலப்பா. கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டும்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. அத்தனை நாள் தாவிக்குதித்துப் போனவள், எனக்கு வேண்டும் என்கிறபோதா ரசிகையாக வேண்டும்? வாயைத் திறந்தேன். "சரி, கீறல் விழாமல் வைத்துக்கொள்," என்று மட்டும் வந்தது.

இப்போதைக்கு பாய் வெள்ளையடித்த நகலைத்தான் கேட்கிறேன். பக்கத்தில் ரேடியோவை இரண்டு நிலையங்களுக்கு நடுவே திருப்பி வைத்துக்கொள்கிறேன். கரகரப்பு வருகிறது. ஆனால் இது வேறு கரகரப்பு.