இணைச்சீருக்கு ஆள் இல்லை

நான் பொய் சொன்னேன். இன்னொரு குழந்தை பெற்றால் என் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்னதாக என் கணவரிடம் சொன்னேன். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை.

ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்... பதில் ஒவ்வொரு முறையும் வேறாக வருகிறது.

வேலைக்காகவா? கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தேன். பையனை மாமியார் பார்த்துக்கொண்டார். என் வேலைக்கு யாரும் குறுக்கே நிற்கவில்லை. பயமா? பிரசவம் சுகமாகத்தான் நடந்தது. இன்னொன்று வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். ஆனால் 'தோன்றவில்லை' என்பதை ஒரு காரணமென்று யாரிடம் கொண்டுபோய் வைப்பது? நோய் என்று சொன்னால் யாரும் குறுக்கு விசாரணை செய்ய மாட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் தோட்டம் துண்டுபடக் கூடாது என்று ஒன்றோடு நிறுத்திக்கொண்டவர்கள் நிறையப் பேர். இவர் அந்த ரகம் இல்லை. இவருக்கு ஒரு பெண் குழந்தை வேண்டும் என்று கொள்ளை ஆசை.

பொய் சொன்ன அன்று, டாக்டரிடம் இரத்தசோகைக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு சிங்காநல்லூர் வீட்டுக்கு வந்திருந்தேன். அவருக்குப் பம்புசெட் மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை. வேலை முடித்து வந்து, கையிலிருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். "டாக்டர் என்ன சொன்னாங்க? அடுத்ததுக்குப் பாக்கலாமாமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தப் பேச்சை ஒரு நாள் தள்ளிப்போட்டால் போதும் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்து விழுந்தது அந்தப் பொய். வேறு டாக்டரைப் பார்ப்போமா என்றார். வேண்டாம் என்று அழுதேன். அழுகை மட்டும் உண்மை.

அந்த மாதமே ஒரு நாள், தொண்டாமுத்தூரில் போர்வெல்லுக்கு மோட்டார் இறக்க வேண்டும் என்று சொல்லிப் போனவர், மறுநாள் காலை அகட்டி அகட்டி நடந்து வந்தார். நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசன் செஞ்சுபோட்டு வந்துட்டேன். நீ மாத்தரை அது இதுன்னு ஒடம்பைக் கெடுத்துக்க வேண்டாம். அம்மாகிட்டச் சொல்லிப்போடாத."

எங்கள் உறவில் எந்த ஆணும் செய்துகொள்ளாத ஆபரேசன். தெரிந்தால் பட்டறை ஆட்கள்கூடக் கிண்டல் செய்து மாளாது. அவர் இன்றுவரை யாரிடமும் மூச்சு விடவில்லை. மாமியார் கடைசிவரை என்னைத்தான் குறை சொன்னார். அதை நான் வாங்கிக்கொண்டேன். அது ஒன்றுதான் எனக்கு நியாயமாகக் கிடைத்தது.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம் இல்லையா? வாய் வரவில்லை...

பையன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின், எனக்கு இன்னொரு குழந்தை வேண்டும் என்று தோன்றியது. நம்புவீர்களா? பேருந்தில் யாரோ ஒரு பெண் குழந்தை என் வளையலைப் பிடித்து இழுத்தால் அன்று முழுக்க மனம் ஆறாது. அது ஆசையா, அவருக்குச் செய்ததற்குப் பரிகாரம் தேடினேனா? இன்றும் தெரியவில்லை. கதவை நான் சாத்தினேன்; எனக்காக அவர் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்.

இப்போது அந்தப் பையனுக்குக் கல்யாணம். பெண் பல்லடத்துக்காரி, ஐடி கம்பெனியில் வேலை. போன மாதம் சேலை எடுக்கப் போன இடத்தில் என்னைத் தனியே அழைத்தாள்.

"அத்தை, நாங்க கொழந்தை வேண்டாம்னு இருக்கறோமுங்க. அப்பறம் தெரிஞ்சு நீங்க வருத்தப்படக் கூடாதுங்க."

"ஏன் கண்ணு, ஒடம்புக்கு ஏதாச்சும்...?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க அத்தை. வேணும்னு தோணலீங்க."

நான் சொல்லத் துணியாத அதே சொல்லை, ஜவுளிக்கடையில் நின்றுகொண்டு சொல்லிவிட்டாள். கோபம் வந்தது. பொறாமையும் வந்தது. எது முதலில் வந்தது என்று பிரிக்கத் தெரியவில்லை. அவளை எனக்குப் பிடித்திருக்கிறதா என்றும் தெரியவில்லை. எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள்! மாமாவிடம் பக்குவமாக நானே சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கல்யாணச் சீர்களை நடத்தித் தரும் அருமைக்காரர் வீட்டுக்கு வந்தார். "இணைச்சீருக்கு யாருங்க உக்கார்றது?" என்று கேட்டார். மாப்பிள்ளையோடு அவனுடைய அக்காவோ தங்கையோ உட்கார்ந்து செய்யும் சீர் அது. அது இல்லாமல் எங்கள் கல்யாணம் இல்லை. கூடப் பிறந்தவள் இல்லையென்றால் பெரியப்பா மகளோ பெரியம்மா மகளோ உட்காரலாம். இவருடைய அண்ணனுக்கு ஒரே பையன். என் அக்காவுக்கும் ஒரே பையன். யோசித்து யோசித்து, முகம்கூட நினைவில்லாத ஒரு தூரத்துப் பங்காளி வீட்டுப் பெண்ணைக் கேட்பதென்று முடிவாயிற்று. அவள் வெளிநாட்டில் இருக்கிறாளாம். லீவு கிடைத்தால் வருவாளாம்.

"ஒரு தங்கச்சி இருந்திருக்கலாம்ப்பா," என்று மகன் சிரித்தான். விளையாட்டாகத்தான் சொன்னான்.

அவர் சிரிக்கவில்லை. "தங்கச்சி வந்திருந்தா உங்கம்மா இருந்திருக்க மாட்டா கண்ணு. எனக்கு இவ போதும்." வெற்றிலைத் தட்டை அருமைக்காரர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, "உனக்காச்சும் ரெண்டு பொறக்கட்டும்," என்றார்.

மகன் என்னைப் பார்த்தான்.

சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. எதை? என் பொய்யையா, பிள்ளைகளின் முடிவையா? ஒன்றைச் சொன்னால் இன்னொன்றை மறைக்க முடியுமா? இரண்டையும் கேட்டபின் இந்த மனிதரிடம் என்ன மிஞ்சும்? எதுவும் தெளியவில்லை. வந்தவருக்குக் காபி போடுகிறேன் என்று சொல்லி எழுந்தேன்.

என் கணவர் எனக்கு முன்பே எழுந்து அடுப்படிக்குப் போனார். "நீ உக்காரு. ஒடம்புக்கு ஆகாதவ."

உட்கார்ந்தேன்.