முதுகைக் காட்டிய கண்ணாடி

பிரெஞ்சுக் கொடி இறங்கிய புதிதில் நான் சாரம் என்ற ஊரில் வாத்தியார். நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கே அவர் 'சொல்தா'; பிரெஞ்சில் சிப்பாய் என்று பொருள். நெட்டை உருவம், இஸ்திரி கலையாத காக்கி நிஜார். விடிந்ததும் கொல்லை முருங்கை மரத்தில் மாட்டியிருந்த கண்ணாடி முன் நின்று சவரம் செய்துகொள்வார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிட்டாலும் விடுவார், சவரத்தை விடமாட்டார்.

ஒரு பங்குனியில் அவர் தாடையில் தினமும் புதுக் கீறல் தெரிந்தது. கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். கண்ணாடி மரத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவர் கன்னத்தைத் தடவித் தடவி மழித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"முருங்க பூத்ததும் ஒரு தேன்சிட்டு வந்துது வாத்தியாரே. கண்ணாடில தன்னையே பாத்துட்டு, வேற எவனோ வந்துட்டான்னு பொழுதெல்லாம் கொத்திக்கினே இருக்குது. அலகுல ரத்தம்."

"விரட்டிவிட வேண்டியதுதானே?"

"எப்படிப் போவும்? எதிர்ல நிக்கிறவன் போனாத்தானே அது போவும்."

கத்தியைத் துடைத்தார். பிறகு வேறெங்கோ பார்த்தபடி சொன்னார்: "நாங்க சண்டைக்குப் போன எடத்துல யாராவது இப்படித் திருப்பி வெச்சிருக்கலாம்."

சித்திரையில் பூவெல்லாம் காயானது. சிட்டு வருவது நின்றுபோனது. அவர் மறந்துவிட்டார் போலும் என்று ஒரு மாலை நானே கண்ணாடியை நேராகத் திருப்பி வைத்தேன்.

மறுநாள் விடிந்தபோது அது மறுபடி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் தடவித் தடவி மழித்துக்கொண்டிருந்தார்.