எந்த அடி?

மன்னருக்கு ஒன்பது வயது. அவர் பெயரில் எங்களை ஆண்டவர் சித்தப்பா, இளவரசர் யோன்ஹ்வா. தினம் எதையாவது சீர்திருத்தாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. முதல் வருடம் புகைக்குழாயின் நீளத்தைக் குறைத்தார். மறு வருடம் சட்டைக்கையின் அகலம் போனது. மூன்றாம் வருடம் கனவான்களின் அகல விளிம்புக் குதிரைமுடித் தொப்பியில் கை வைத்தார்.

அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. குறுகலான சந்தில் இரண்டு கனவான்கள் எதிரெதிரே வந்துவிட்டால், ஒருவர் பின்னோக்கி நடந்தேதான் வீடு சேர வேண்டும். பட்டினி கிடந்தவர்கள் இந்த ஆணையை ஒருமனதாக ஆதரித்தார்கள். அவர்களிடம் தொப்பி இல்லை.

ஆணை ஒரே வரிதான்: விளிம்பு அரை அடிக்கு மேல் போகக் கூடாது, போனால் நகர வாசலிலேயே வெட்டப்படும்.

தெற்கு வாசலில் காவலன் கூ மன்ஷிக். அவன் அப்பாவும் அங்கேதான் காவல் இருந்தார். அந்த வேலையை விட்டால் அவனுக்குத் தெரிந்த தொழில் கொட்டாவி விடுவது. சந்தைக்கு வரும் துணியை அளக்க அவனிடம் ஒரு கோல் உண்டு. தொப்பியையும் அதனாலேயே அளந்தான். துணிக்காரர் அடி, தச்சர் அடியைவிட ஒன்றரை மடங்கு நீளம். மற்ற மூன்று வாசல்களிலும் தச்சுக்கோல். மன்ஷிக் ஏமாற்றுக்காரன் அல்ல. அதற்கு யோசிக்க வேண்டும்.

"வடக்கு வாசல்ல என் மச்சான் தொப்பியை வெட்டிக் கிண்ணமாக்கிட்டானுங்க. நீ மட்டும் எப்படிடா எல்லாரையும் விட்டுடுறே?" என்றார் நோ என்ற கனவான்.

"நமக்குக் கைராசிங்க ஐயா."

தெற்கு வாசலில் நெரிசல் தாங்கவில்லை. மூன்று மாதமாக அங்கே ஒரு விளிம்புகூட வெட்டப்படவில்லை என்று அறிக்கை போனது. தெற்கத்திக்காரர்களின் ராஜபக்தியில் இளவரசர் நெகிழ்ந்துபோய், காவலனைப் பாராட்ட நேரில் வந்தார்.

"முதல்ல என் தொப்பியை அள" என்று தலையை நீட்டினார். ஆணைப்படி அச்சாக அரை அடிக்குச் செய்வித்த தொப்பி.

மன்ஷிக் கோலை வைத்தான். முகம் மலர்ந்தது. "பிரபு, இன்னும் நாலு விரல் இடம் இருக்குங்க. தாராளமா பெரிசாவே போட்டுக்கலாம்."

இளவரசர் கோலை வாங்கிப் பார்த்தார்.

"அது என்ன கோல்?"

"துணிக்கோலுங்க. தச்சருக்கு வேற, பூசைப் பாத்திரத்துக்கு வேற. ஆணையில எதுன்னு போடலைங்களே."

ஆணையை எழுதியவர் இளவரசரே. ஆகவே குற்றம் மன்ஷிக்குடையது என்று உடனே தெளிவானது. முப்பது அடி, அடி முடிந்ததும் வேலை நீக்கம்.

மறுநாள் காலை அவனைப் பலகையில் குப்புறக் கட்டினார்கள். அடிப்பவன் தாக் சில்போ மட்டையை ஓங்கினான், பிறகு இறக்கினான்.

"மட்டை மூணரை அடி நீளம்னு சட்டத்துல இருக்குங்க. எந்த அடி?"

"வழக்கமா அடிக்கிற மட்டையால அடிடா!" என்றார் அதிகாரி.

"வழக்கமா அளந்தவனைத்தானேங்க இப்ப கட்டி வெச்சிருக்கோம்?"

"சில்போ அண்ணே, கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு அப்புறமா அடிங்க. நான் காத்திருக்கேன்" என்றான் மன்ஷிக், பலகையில் கன்னத்தை வைத்தபடி.

சேதி கேட்டு இளவரசர் பூரித்துப்போனார். புதிய சீர்திருத்தம் கிடைத்துவிட்டது: நாடு முழுவதற்கும் ஒரே அடி. அதை முடிவுசெய்யப் பன்னிரண்டு அறிஞர் கொண்ட குழு. அதுவரை மன்ஷிக்கை அவிழ்த்துவிடலாம். அடி விழாமல் வேலையிலிருந்து நீக்க முடியாதாகையால், வாசலுக்கே திரும்பிப் போகலாம்.

மன்னருக்குப் பதினைந்து முடிந்தது. ஆட்சியைத் தானே எடுத்துக்கொண்டு, சித்தப்பாவைக் கிராமத்தில் ஓய்வெடுக்கச் சொன்னார். சித்தப்பாவின் பல்லக்கு தெற்கு வாசல் வழியாகவே வெளியேறியது. திரை விலகியது.

"நீதானே அந்தத் துணிக்கோல்காரன்? அடி வாங்கிட்டியா?"

"குழு இன்னும் கூடிக்கிட்டு இருக்குங்க பிரபு."

"நல்லா விவாதிக்கச் சொல்லு. அவசரம் கூடாது."

"அதையேதாங்க நானும் சாமிகிட்ட வேண்டிக்கிட்டு இருக்கேன்" என்று மன்ஷிக் கதவை அகலத் திறந்துவிட்டான்.