கயிற்றுக்கு வெளியே நின்ற தகப்பன்

கந்தப்ப பிள்ளை செவ்வாய்க்கிழமை விடிகாலையில் இறந்துபோனார். அவருடைய மைத்துனர் சிவசுப்பிரமணிய பிள்ளை என் வீட்டுக்கு வந்து சொன்னார். வைத்தியம் பார்த்த டாக்டரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். விஷக்காய்ச்சல். ஆற்றில் இறங்கி உயிரை விட்டுவிட்டார் என்று அன்று வண்ணார்பேட்டைக் கடைகளில் பேசிக்கொண்டது உண்மையல்ல. ஆனால் அப்படிப் பேச ஊருக்கு ஒரு காரணம் இருந்தது. தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்; தெரியாதவர்களுக்காக அதை முதலிலிருந்து சொல்கிறேன்.

அவருக்கு ஒரே மகன், சண்முகம். பள்ளிக்கூடத்தில் நான்காம் பாரம் படித்தான். நன்றாக ஓடுவான். பாளையங்கோட்டை மைதானத்தில் கிளம்பி, ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்பும் ஐப்பசி ஓட்டத்தில் அவன் முதலாவதாக வரவேண்டும் என்பதே பிள்ளைவாளுக்கு நினைப்பெல்லாம். அதிகாலையில் அவரே எழுப்பிக் கெண்டைக்கால்களில் எண்ணெய் தேய்த்துவிடுவார். பையன் ஆற்றங்கரைச் சாலையில் ஓட, பக்கத்தில் வில்வண்டியில் உட்கார்ந்து சத்தம் கொடுத்துக்கொண்டே போவார். வயலை மேற்பார்க்கக்கூட ஆள் வைத்திருந்தவர், இதற்கு மட்டும் ஆள் வைக்கவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன், கலெக்டர் வரும் நாளை ஒட்டி ஓட்டத்தைக் கந்த சஷ்டியின் ஐந்தாம் நாளில் வைத்தார்கள். மகன் ஜெயித்தால் திருச்செந்தூர் முருகனுக்கு வெள்ளி வேல் என்று பிள்ளைவாள் நேர்ந்துகொண்டார். நேர்ந்தது தகப்பன், விரதம் இருந்தது மகன். இரவில் கொஞ்சம் பாலும் பழமும். பகலில் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது.

ஓட்டத்தன்று காலையில் தாயார் கோமதியம்மாள் கஞ்சி கொண்டுவந்ததைப் பிள்ளைவாள் திருப்பி அனுப்பினார். மைதானத்தில் டிரில் மாஸ்டர் தேவசகாயம், பையனின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு செம்பு கஞ்சியாவது கொடுக்கச் சொன்னார்.

“எங்க விரதத்தைப் பத்தி வேதக்காரரு உமக்கு என்னவே தெரியும்? உம்ம வேலை விசில் ஊதுதது” என்றார் பிள்ளைவாள்.

மாஸ்டர் கிறிஸ்தவர். தாம் வற்புறுத்தினால் மதச் சண்டையாகிவிடும் என்று பயந்து விசிலை ஊதினார்.

நான் பாலத்தடியில் நின்றிருந்தேன். திரும்பும் இடத்தில் மாஸ்டர் பானைத் தண்ணீர் வைத்திருந்தார். சண்முகம்தான் முதலில் வந்தான். தம்ளரை நோக்கி அவன் கை போயிற்று.

“வேண்டாம்லே. இன்னும் கொஞ்ச தூரந்தான். முருகான்னு சொல்லிக்கிட்டே ஓடு” என்றார் பிள்ளைவாள், வண்டியிலிருந்து. அதட்டவில்லை. அன்பாகத்தான் சொன்னார். பையன் கையை எடுத்துக்கொண்டான்.

ஓட்டத்தில் ஜெயித்தான். எல்லையைத் தாண்டியதும் விழுந்தான். மாலையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான்.

அந்தக் கார்த்திகையில் பிள்ளைவாள் திருச்செந்தூருக்குப் போனார். துணைக்கு யாருமில்லாததால் நான் கூடப்போனேன். வெள்ளி வேலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். கோயிலில் நிற்க இடமில்லாத கூட்டம். வேலைக் கொடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்டேன்.

“ஜெயிச்சாம்லா? நேந்ததைக் குடுக்காம இருக்க முடியுமா?” என்றார். கொடுத்துவிட்டு வெளியே வந்தார். பிறகு அவர் திருச்செந்தூர்ப் பக்கம் போனதில்லை.

மறு ஆண்டு ஓட்டத்துக்கு அவர் வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. வந்தார். நேரே தேவசகாயத்திடம் போய், இந்த வருஷம் நீங்கள் சொல்வதை நான் கேட்கிறேன் என்றார். தகப்பன்மார் ஒருவரையும் மைதானத்துக்குள் விடக்கூடாது என்பது மாஸ்டரின் கட்சி. பிள்ளைவாள் அதற்கு மட்டும் ஒப்பவில்லை.

“வரட்டும்வே. புள்ள ஓடுததைப் பாக்கதுக்குத் தகப்பனுக்கு ஆசை இருக்காதா? கண்ணு மட்டும் வரட்டும். வாயி வீட்டுல இருக்கட்டும்.”

கடைசியில் ஒரு கயிறு கட்டினார்கள். பெற்றவர்கள் அதற்கு வெளியே நிற்கவேண்டும். வண்டி எதுவும் பையன்களின் பின்னால் போகக்கூடாது. ஓட்டத்துக்கு முன் பிள்ளைவாள் வரிசையில் நின்ற ஒவ்வொரு பையனிடமும் போய், “சாப்பிட்டியாலே?” என்று கேட்பார். வேறு ஒன்றும் பேசமாட்டார். இல்லை என்று சொன்ன பையனை மாஸ்டர் வெளியே நிறுத்திவிடுவார். பிறகு பிள்ளைவாளும் கயிற்றுக்கு வெளியே போய் நின்றுகொள்வார்.

சென்ற ஆண்டு அப்படி நிறுத்தப்பட்ட ஒருவன், வண்ணார்பேட்டை ஜவுளிக்கடைக்காரர் ஒருவரின் மகன். அவனும் சஷ்டி விரதம். கடைக்காரர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: “உம்ம புள்ளைய ஓடவிட்டே கொன்னீரு. எங்க புள்ளைக்குக் குறுக்க எதுக்குவே வாறீரு?”

பிள்ளைவாள் அவர் முகத்தைப் பார்த்து, “அதுக்குத்தான் அண்ணாச்சி வாறேன்” என்றார்.

அந்தக் குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்ளப்போவது அந்த ஒரு பதில். தன் தவறைச் சொல்லிக்காட்டியவனிடம் மறுக்காமல், ஒளியாமல், அதையே தன் வேலைக்குக் காரணமாகச் சொன்ன வேறொருவரை என் பத்திரிகைத் தொழிலில் நான் சந்தித்ததில்லை.

கயிறும் கேள்வியும் இதுவரை வாய்ப்பேச்சு ஏற்பாடுதான். அதை விதியாக்க வேண்டும், ஓட்ட நாளில் டிரில் மாஸ்டர் சொல்வதே முடிவாக இருக்கவேண்டும் என்று அவர் ஆவணியில் பள்ளிக் கமிட்டிக்கு மனுக் கொடுத்தார். விரதத்தில் தலையிடுவதாகச் சொல்லிப் பல தகப்பன்மார் எதிர்க்கிறார்கள். மனுதாரர் இறந்துவிட்டதால் வேறொருவர் கையெழுத்திட்டால்தான் மனு நிற்கும் என்று காரியதரிசி என்னிடம் சொன்னார். நேற்று மாலைவரை எந்தத் தகப்பனும் முன்வரவில்லை.

கோமதியம்மாள் கையெழுத்திடுவதாகத் தம்பி சிவசுப்பிரமணிய பிள்ளையிடம் சொல்லியனுப்பியிருக்கிறார். மகன் போன நாளிலிருந்து அந்த அம்மாள் கணவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. தகப்பன்மார் கொடுக்கும் மனுவில் ஒரு தாயாரின் கையெழுத்து செல்லுமா என்று காரியதரிசிக்குத் தெரியவில்லை. தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை கமிட்டி கூடி முடிவு சொல்லும். இந்த ஆண்டும் ஓட்டம் சஷ்டி வாரத்தில்தான் வருகிறது.