தோற்பதற்குச் சம்பளம்

என் மகளின் நாட்டிய வகுப்பு முடிய ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் உருப்படியாகச் செய்ய எத்தனையோ வேலை இருந்தது. காய்கறி வாங்கலாம், மாமியாருக்கு பிரஷர் மாத்திரை வாங்கலாம். நான் என்னவோ எதிரே இருந்த மணல் திடலின் ஓரமாக ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, இவ்வளவு சின்னப் பிள்ளையை இப்போதே நாட்டியத்தில் சேர்த்தது சரிதானா என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

அந்தத் திடலில் மாலையானால் பெத்தாங்க் ஆடுவார்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு சின்ன மரப்பந்தைப் போட்டுவிட்டு, அதற்கு யாருடைய இரும்புக் குண்டு கிட்டே போய் நிற்கிறது என்று பார்க்கும் ஆட்டம். மரப்பந்துக்குப் பிரெஞ்சில் பன்றிக்குட்டி என்று பெயராம். எங்கள் திடலில் அது வெறும் குட்டி. எதிராளியின் குண்டு குட்டியை ஒட்டி நின்றால், குறிபார்த்து அடித்துத் தள்ளியும் விடலாம். முதலில் பதிமூன்று புள்ளி எடுப்பவர் ஜெயித்தவர்.

ஒரு நாள் ஆட்டத்துக்கு ஆள் குறைந்தது. ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் என்னைப் பார்த்து, சும்மாதானே நிற்கிறாய், வந்து நாலு குண்டு போடும்மா என்று கூப்பிட்டார். மற்றவர்கள் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர்கள். மரியாதையாகச் சிரித்தார்கள். நான் போட்ட இரண்டாவது குண்டு குட்டியின் மேல் சாய்ந்துகொண்டு நின்றது. யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு வகுப்பு இல்லாத நாட்களிலும், வீடு இருக்கும் அரியாங்குப்பத்திலிருந்து பாலத்தைத் தாண்டி டவுனுக்கு வர எனக்கு ஏதாவது ஒரு காரணம் கிடைத்தது.

இந்த ஆட்டம் எனக்கு ஏன் பிடித்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். கேஸை அணைத்தேனா, பிள்ளைக்கு ப்ளே ஸ்கூலுக்குக் கொடுத்தனுப்பிய டிபன் போதுமா, நேற்று நாத்தனாரிடம் பேசியது அதிகப்படியா என்று என் தலைக்குள் எப்போதும் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளங்கையைக் கவிழ்த்து, மணிக்கட்டைச் சுண்டி குண்டை விடும் அந்த நேரத்தில் மட்டும் ஒன்றும் ஓடாது. எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்பதெல்லாம் கைக்கே தெரிந்திருக்கும். என்னைக் கேட்காமல் என்னில் ஏதோ ஒன்று முடிவெடுக்கிறது, அதுவும் சரியாக எடுக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

எங்கள் திடலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு புள்ளிகூட எடுக்காமல் தோற்றால் அதற்குப் பெயர் மொட்டை. பிரான்சில் அப்படித் தோற்றவர் ஒரு பெண்ணின் படத்துக்கு மண்டியிட்டு முத்தம் கொடுக்க வேண்டுமாம், அதுவும் முகத்தில் அல்ல. நம் ஊருக்கு அது சரிப்படாது என்று யாரோ மாற்றியிருக்கிறார்கள். இங்கே மொட்டை வாங்கியவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் டீ ஊற்றிக் கொடுத்து, ஒவ்வொருவரிடமும் பிரெஞ்சில் ‘மெர்சி’ என்று நன்றி சொல்ல வேண்டும். நான் பலரை டீ ஊற்ற வைத்திருக்கிறேன். ஒரு முறைகூட ஊற்றியதில்லை.

மகள் எல்.கே.ஜி. சேர்ந்ததும், நான் முன்பு வேலை பார்த்த பள்ளியில் மறுபடி கணக்கு டீச்சராகச் சேர்வதாக இருந்தது. அந்தச் சமயத்தில்தான் ஒரு ரிசார்ட் மேனேஜர் திடலுக்கு வந்தார். ஊருக்குத் தெற்கே, பேக்வாட்டரை ஒட்டிய ரிசார்ட். புதிதாக பெத்தாங்க் தளம் போட்டிருக்கிறார்கள், விருந்தினர்களோடு ஆட ஆள் வேண்டும். ஆங்கிலம் தெரிய வேண்டும், கொஞ்சம் பிரெஞ்சும் தெரிந்தால் நல்லது. நான் ப்ளஸ் டூவில் மார்க்குக்காக பிரெஞ்சு எடுத்தவள். அது மார்க்கைத் தவிர வேறு எதற்கும் உதவும் என்று அன்றுவரை நினைத்ததில்லை. முழுநேர வேலை, டீச்சர் சம்பளத்தைவிடக் கூடுதல். முதலில் இரண்டு வாரக் கடைசி வந்து பாருங்கள், பிறகு சொல்லுங்கள் என்றார்.

என் கணவர் மருந்துக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். கேட்டதும், “விளையாடறதுக்குக் காசு குடுக்கறாங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றார். நான் விடியும்வரை யோசித்தேன்.

முதல் சனிக்கிழமை மேனேஜர் என்னைத் தனியாக அழைத்து ஒரே ஒரு விஷயம் சொன்னார். கெஸ்ட் சந்தோஷமாகப் போக வேண்டும். புரிந்தது. பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒருவரிடம் அன்று மிக நுணுக்கமாகத் தோற்றேன். அப்பட்டமாகத் தோற்றால் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும், நடுவில் ஒரு நல்ல குண்டும் போட வேண்டும். அவர் என்னோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு, நான் நன்றாக ஆடுவதாகப் பாராட்டினார். ஞாயிற்றுக்கிழமை இன்னும் மூன்று பேர் என்னை ஜெயித்தார்கள். கஷ்டமான வேலை இல்லை. வீட்டுக்கு வந்து மாமியாரிடம்கூட அப்படித்தான் சொன்னேன்.

திங்கட்கிழமை எங்கள் திடலில் முதல் குண்டு ஒரு சாண் தள்ளி விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை விடும்போது கவனித்தேன்: நான் யோசித்துக்கொண்டிருந்தேன். கிட்டே போடலாமா, எவ்வளவு கிட்டே, இவர் என்ன நினைப்பார் என்று. தலைக்குள் ஓடுகிற அத்தனையும் வரிசையாகக் கைக்கு இறங்கியிருந்தது.

அன்று எனக்கு மொட்டை. துண்டைத் தோளில் போட்டு டீ ஊற்றினேன். பாய் தம்ளரை வாங்கிக்கொண்டு, என் மெர்சியைக் காதில் போட்டுக்கொள்ளாமலே, “சனி ஞாயிறு எங்கம்மா போய்ட்டு வந்த? கை வேற யாரோ கையா இருக்கு” என்றார்.

வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. டீ சூடு என்று சமாளித்தேன். சம்பளம், பி.எஃப்., பிள்ளையைக் கூட்டிவரும் நேரம் என்று எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்த நான், யோசிக்காத அந்தக் கை என்னிடமிருந்து போய்விடக்கூடும் என்பதை மட்டும் கணக்கில் எடுக்கவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை ரிசார்ட்டில் ஒரு அம்மா ஆட வந்தார். இங்கே பிறந்து, கல்யாணமாகி பிரான்சுக்குப் போனவர், உறவுக்காரர் கல்யாணத்துக்காக வந்திருக்கிறார். நான் இரண்டு குண்டு போட்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

“வேணும்னே விடற, இல்ல?”

இல்லைங்கம்மா, காற்று என்றேன். இலைகூட அசையவில்லை.

“ரூமுக்குத்தான் காசு குடுத்தேன். நீ தோக்கறதுக்கும் சேர்த்தா குடுத்திருக்கேன்? முதல்லேருந்து ஒழுங்கா ஆடு.”

மேனேஜர் இருந்த பக்கம் பார்த்தேன். போனில் இருந்தார். அடுத்த குண்டை விடும்போது யோசிக்கக் கூடாது என்று யோசித்தேன், அதுவும் தள்ளியே விழுந்தது. அதற்கடுத்ததை விட நின்றபோது அந்த அம்மாவின் குண்டு குட்டியை ஒட்டி நின்றிருந்தது. அதை அடிக்கத்தான் வேண்டும். அடித்தேன். டக் என்று இரும்பில் இரும்பு மோதும் சத்தம் கேட்டதும் உடம்பு முழுக்க ஏதோ ஒன்று தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. அப்புறம் எனக்கு நினைவிருப்பது கடைசிக் குண்டும், என் வாயிலிருந்து பழக்க தோஷத்தில் வந்த வார்த்தையும்தான்.

“மொட்டை.”

பணம் கட்டித் தங்கியிருக்கும், என் அம்மா வயதுள்ள சுமங்கலியைப் பார்த்துச் சொன்னேன். மேனேஜர் போனை இறக்கிவிட்டார். எங்கள் திடல் வழக்கம், துண்டு, டீ, மெர்சி என்று அவசர அவசரமாக விளக்கினேன். அந்த அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, பக்கத்தில் நின்றிருந்த தன் கணவரிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். பிறகு, டீ எல்லாம் ஊற்ற முடியாது, நாளைக்குக் காலையில் உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்று எனக்குத் தமிழில் சொன்னார். பார்த்தும்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை நான் நிஜமாகவே தோற்றேன். அவ்வளவு நிம்மதியாக ஒரு தோல்வியை நான் அனுபவித்ததில்லை.

மேனேஜர் கோபப்படவில்லை. ஆனால் எல்லா கெஸ்ட்டும் இந்த அம்மா மாதிரி இருக்க மாட்டார்கள் என்றார். அது உண்மைதான். சனி ஞாயிறு காலையில் வந்து ஆடக் கற்றுக்கொடுக்கிறேன், போட்டிக்கு நிற்கமாட்டேன் என்றேன்.

“அப்ப தோக்கறதுக்கு வேற ஆள் பாக்கணுமா மேடம்?”

“பாருங்க சார்.”

முழுநேர வேலை அதோடு போயிற்று. வார நாட்களில் இப்போது பள்ளியில் பின்னம் நடத்துகிறேன். விஷயத்தைச் சொன்னபோது கணவர் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். முழுசா வேலையும் இல்லை, முழுசா விளையாட்டும் இல்லை என்றார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி, பால் வாங்கணுமா என்று கேட்டார். பிடித்ததையே தொழிலாக்கிக்கொள் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். என் மகளுக்கு நான் என்ன சொல்வேன் என்று இன்னும் தெரியவில்லை. இந்த வேலை வேறு ஒரு கைக்குப் பொருந்தியிருக்கலாம். நான் அவசரப்பட்டுவிட்டேனோ என்று வாரத்துக்கு ஒரு முறையாவது தோன்றுகிறது, பெரும்பாலும் சம்பள நாளில்.

தோற்பதற்கு ரிசார்ட்டிலேயே ஆள் கிடைத்துவிட்டது, ரிசப்ஷனில் இருக்கும் ஒரு பெண். குண்டைத் தொட்டதே இல்லை என்பதால் வேண்டுமென்றே தோற்க வேண்டிய சிரமம் அவளுக்கு இல்லை. கெஸ்ட்டுகளுக்கும் பரம திருப்தி. ஆனால் சனிக்கிழமை காலையில் என் வகுப்புக்கும் அவள் வருகிறாள், அதுதான் சிக்கல். போன வாரம் யாரும் சொல்லாமல் உள்ளங்கையைக் கவிழ்த்தாள். குண்டு குட்டியின் பக்கத்தில் விழுந்து, விழுந்த இடத்திலேயே நின்றது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள், நான் மேனேஜரின் அறைப் பக்கம் பார்த்தேன். கதவு சாத்தியிருந்தது. இன்னொன்று போடு என்றேன்.