மீதியை வந்து கேட்டுக்கோங்க

வெள்ளிக்கிழமை என்றால் பல்லாவரமே சந்தைக்குக் கிளம்பிவிடும். ஷம்சாத் மட்டும் மூன்று மணியிலிருந்து டெலிபோனை விட்டு நகரமாட்டாள். ஷார்ஜாவில் ஒரு தோல்பை கடையில் வேலை பார்க்கும் அவள் கணவர் பக்கீர் முகமது, ஜும்மா தொழுதுவிட்டு அந்த நேரத்தில்தான் கூப்பிடுவார். கல்யாணமாகி ஆறு வருஷம். அதில் அவர் ஊரில் இருந்தது மொத்தமே நாலு மாதம்.

ஷம்சாத் வாரப் பத்திரிகைகளுக்குச் சிறுகதை எழுதுகிறவள். கொலை கிடையாது, பேய் கிடையாது, ஆனாலும் எடுத்தால் கீழே வைக்க முடியாது. வீட்டுக்குத் தந்தி வந்ததை முதல் வரியிலேயே சொல்லிவிடுவாள். பிரிப்பதைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிடுவாள். நடுவில் பால் பொங்கும். பக்கத்து வீட்டுக்காரி சர்க்கரை கேட்டு வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டாள். தந்தி பாட்டுக்கு அலமாரி மேல் கிடக்கும். படிக்கிறவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டுவார்கள்.

இந்த வித்தையைப் புருஷனிடமே காட்டப் போனாள், அங்கேதான் வந்தது வினை. அச்சில் வந்த கதையை வெள்ளிதோறும் போனில் சொல்லுவாள். முடிவு நெருங்கும்போது நிறுத்திவிடுவாள்.

"மீதியை வந்து கேட்டுக்கோங்க மச்சான்."

நேராக வாங்க என்று கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. கூப்பிட்டு, அவர் முடியாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அதற்கு இதுவே மேல் என்று இருந்தாள். முடிவு தெரியாமல் மனுஷன் தவித்துப்போய் விமானம் ஏறிவிட மாட்டாரா என்று ஒரு நப்பாசை. அவர் சட்டையை பீரோவிலிருந்து எடுத்துத் தோய்த்து, இஸ்திரி போட்டு, திரும்ப பீரோவிலேயே வைக்கிற பெண்ணுக்கு வேறு என்ன ஆசை இருக்கும்?

அன்றைக்கும் போன் வந்தது. அவள் கதையை ஆரம்பிப்பதற்குள் பக்கீர் குறுக்கிட்டார்.

"இரு ஷம்சா. போன வாரம் பாதியில நிறுத்தினியே, அந்தத் தந்திக் கதைக்கு முடிவு நான் சொல்லட்டா? தம்பிக்கு வேலை கெடச்ச சேதி. அதானே?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க ரூம்ல இருக்கற சாலமோன் நீ எழுதற பத்திரிகையெல்லாம் வாங்குறான். ஒரு வாரம் லேட்டா வரும். உன் கதை எல்லாத்தையும் முடிவோட படிச்சுட்டேன். நீ சொல்லிக் கேக்கறதுக்காகச் சும்மா இருந்தேன்."

இரண்டு வருஷமாகத் தான் இழுத்துப் பிடித்த கயிற்றின் மறுமுனையில் யாருமே இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.

பக்கீர் தயங்கித் தயங்கித்தான் அடுத்ததைச் சொன்னார். "முதலாளி கேட்டாரு, ஊருக்கே போயிடறியா, இல்ல இன்னும் ரெண்டு வருஷம் இருக்கியான்னு. வாரா வாரம் கதை சொல்றே, சிரிக்கிறே. ஒரு தபாகூட நேரா வாங்கன்னு சொன்னதில்ல. நான் இல்லாமலே நீ நல்லாதான் இருக்கேன்னு நெனச்சேன். நேத்துதான் இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டேன்."

ஷம்சாத் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எந்தச் சுற்றும் சுற்றவில்லை, எதையும் தள்ளிப்போடவில்லை.

"எனக்குக் கதையும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீங்க வந்துடுங்க மச்சான். உங்க பக்கத்துல இருக்கணும் எனக்கு."

பக்கீரின் குரல் உடைந்து வந்தது.

"இதப் போன வெள்ளிக்கிழமை சொல்லியிருக்கக் கூடாதா, ஷம்சா?"