முதல் தகடு

எங்கள் கம்பெனியின் வரலாற்று மலரில் 'அடுத்த தலைமுறையின் முதல் தகடு' என்ற குறிப்புடன் ஒரு படம் இருக்கிறது. இயந்திரத்தின் முன் பட்டுப்பாவாடையில் நிற்கும் சிறுமி நான். சிரிக்கிறேன் என்றுதான் பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

வேங்கிக்காலில் ஒரு தகரக் கொட்டகையில், பழைய பவர் பிரஸ் ஒன்றை வாங்கிப் போட்டு அப்பாவும் பெரியப்பாவும் தொடங்கிய தொழில் அது. பம்பு மோட்டாருக்கான தகடுகளை வெட்டும் இயந்திரம். நான் பிறப்பதற்கு முன்பே பெரியப்பாவின் வலது கையில் இரண்டு விரல்களை அது வெட்டியிருந்தது. புதிய இயந்திரங்கள் வந்த பிறகும், ஆயுத பூஜைக்கு மறுநாள் அந்தப் பழைய பிரஸ்ஸில் முதல் தகட்டை எங்கள் வீட்டுக் கைதான் வைக்க வேண்டும். வழக்கமாக அது பெரியப்பாவின் கை.

அந்தப் படம் எடுத்த வருடம், பூஜைக்குச் சில வாரங்கள் முன்பு, அதே பிரஸ்ஸில் ஒரு தொழிலாளியின் விரல் போயிருந்தது. பிறகு யாரும் அதில் உட்காரவில்லை. பூஜைக்கு மறுநாள் பெரியப்பா தகட்டை எடுத்தபோது கூட்டத்தில் ஒருவர் சொன்னார்:

"உங்களுக்கு இன்னா மொதலாளி, போக வேண்டியது போயிடுச்சு."

"இன்னும் எட்டு இருக்குதுப்பா" என்றார் பெரியப்பா.

சிலர் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

"பாப்பா, இங்க வா."

"டேய், கொழந்தடா" என்றார் பெரியப்பா. அதற்குள் அப்பா பெடலில் கால் வைத்திருந்தார்.

"வச்சுட்டு கைய எடுத்துடு. அப்புறம்தான் மிதிப்பேன்."

பெரிய சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. சந்தனம் பூசிய அச்சுக்குக் கீழே தகட்டைத் தள்ளினேன். பெரியப்பாவின் கை கண்ணில் பட்டது. அவரிடமும் யாராவது இப்படித்தான் சொல்லியிருப்பார்களோ என்று தோன்றியதும் விரல்கள் விறைத்துவிட்டன. தகட்டை விட முடியவில்லை.

"எடு பாப்பா." அப்பாவின் குரல் மாறியிருந்தது.

பெரியப்பா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். அதன் பிறகே அப்பா மிதித்தார்; அச்சு இறங்கி அடித்தது. தரை அதிர்ந்தது. பாவாடைக்குள் கைகளை மறைத்து, ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தேன்.

"இப்ப உக்காருங்க" என்றார் அப்பா, தொழிலாளிகளைப் பார்த்து.

யாரும் நகரவில்லை. முதலில் பேசியவரே மறுபடி பேசினார்.

"உங்க பொண்ணு கைய எடுக்கற வரைக்கும் நின்னீங்க மொதலாளி. எங்களுக்கு யாரு நிப்பாங்க?"

அடுத்த வாரம் அந்த பிரஸ்ஸில் கை நுழையும் இடத்தில் இரும்புத் தடுப்பு ஒன்று வந்தது. எனக்காகத்தான் போட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். விரல் போனவர், அது போவதற்கு முன்பே அந்தத் தடுப்பைக் கேட்டிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. மலரிலும் அது இல்லை.